விழா வீடியோவை அனுப்புமுன்



திருமணம், புதுநன்மை, புதுமனை புகுதல், அடக்கம் என நம் இல்லங்களில் எது நிகழ்ந்தாலும் அதற்கு இன்று இரு சாரார் வருகின்றனர். வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அமர்வோர் ஒரு சாரார். துபாயிலும் சிங்கப்பூரிலும் தொராண்டோவிலும் இருந்துகொண்டு கைப்பேசியின் சிறு திரையில் காண்போர் மற்றொரு சாரார். முன்னவருக்குப் பந்தியில் ஒரு குறை நேர்ந்தால் நாம் பதைத்துப் போகிறோம். பின்னவருக்கு அனுப்பிய வீடியோ இழுத்து இழுத்து ஓடினாலும், மணமகளின் முகம் கட்டம் கட்டமாய்ச் சிதைந்து தோன்றினாலும், 'நெட் சரியில்லை' என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். பல வேளைகளில் குற்றம் நெட்டினுடையது அன்று. படத்தைத் தொகுத்து முடித்தபின் கணினியிலிருந்து அதனை வெளியே எடுக்கையில், 'எக்ஸ்போர்ட்' என்னும் அந்த ஒரு பெட்டியில், யோசியாமல் தெரிந்தெடுத்த நான்கைந்து எண்களே காரணம். இத்திங்கள் அவ்வெண்களைப் பற்றிப் பேசுவோம்.

இது ஸ்டூடியோக்காரரின் வேலை, நமக்கு எதற்கு என்று பெற்றோர் எண்ண வேண்டா. இன்று பல வீடுகளில் கல்லூரியில் பயிலும் பிள்ளைகளே படம் எடுத்துத் தாமே தொகுத்து விடுகின்றனர். ஸ்டூடியோவை அமர்த்தும் வீட்டாரும், பணம் கொடுக்குமுன் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அறிந்திருப்பது நன்று. புடவை எடுக்கையில் நூலைத் தடவிப் பார்க்காமலா எடுக்கிறோம்?

வீடியோ என்பது யாது? அசையாத படங்களின் வரிசையே. விநாடிக்கு 25 படங்கள் கண்முன் மாறிச் செல்லும்போது மனம் அவற்றை ஒரே அசைவாகக் கொள்கிறது. இப்படம் ஒவ்வொன்றையும் தொழில் செய்வோர் ஃபிரேம் என்பர். முழு எச்.டி. எனப்படும் அளவில், ஒரு ஃபிரேமில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் முழுமையாக எழுத 24 பிட் வேண்டும். பெருக்கிப் பார்ப்பின் விநாடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட் ஆகிறது. இதனை அப்படியே சுமந்து செல்ல நம் வீட்டு இணைப்பால் இயலாது. இதே அளவுள்ள படத்தை அனுப்புவோருக்கு யூடியூப் நிறுவனம் பரிந்துரைப்பதோ விநாடிக்கு 8 மெகாபிட், அதாவது 80 இலட்சம் பிட். நூற்றைம்பத்தைந்தில் ஒரு பங்கு! மிகுதி 154 பங்கும் எங்கே போயின?

அங்கேதான் விஞ்ஞானத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. முதல் ஃபிரேமை முழுதாக எழுதிக்கொண்டபின், அடுத்து வருவனவற்றில் என்ன மாறிற்று, எது எத்திசையில் நகர்ந்தது என்பதை மட்டுமே எழுதிச் செல்கிறார்கள். பின்னால் நிற்கும் சுவர் மாறவில்லையாயின் சுவரைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டுவதில்லை. அதற்கு மேல், படத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் கண் எளிதில் கவனியாத நுண்ணிய மாறுபாடுகளைக் கழித்துவிடுகிறார்கள். இவ்வாறு கழிப்பதற்கு அடிப்படையான கணித முறையை 1974 ஜனவரியில் வெளியிட்டவர் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராய் இருந்த நசீர் அகமது. உடன் ஆய்ந்தோர் நடராஜன், இராவ் என்னும் இருவர். நாம் கைப்பேசியில் எடுக்கும் ஜேபெக் படமும், இன்று பெரிதும் வழங்கும் எச்.264 வீடியோவும் அம்முறையின் வழிவந்தவையே. நம் நாட்டில் பிறந்த ஒருவரின் கணக்கு உலகத்தின் திருமண வீடியோக்களையெல்லாம் சுமந்து செல்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் கணக்குப் பாடத்தின் மீது சிறிது பற்று உண்டாகக் கூடும்.

இதை அறிந்துகொண்டால் ஓர் உண்மை விளங்கும். படத்தின் தெளிவு புள்ளிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அப்புள்ளிகளை எழுதுவதற்கு எத்தனை பிட் ஒதுக்கினோம் என்பதிலும் இருக்கிறது. முன்னதை ரெசல்யூஷன் என்றும் பின்னதை பிட்ரேட் என்றும் எக்ஸ்போர்ட் பெட்டியில் காண்பீர்கள். ரெசல்யூஷனை உயர்த்தினால் போதும், படம் பளிச்சென்று வரும் என்று எண்ணி, 1080 அளவில் எடுத்த படத்தை 4கே என்று தெரிந்தெடுத்துப் பிட்ரேட்டை மட்டும் 10 மெகாபிட்டிலேயே வைத்துவிடுகிறார்கள் சிலர். 4கே படத்தில் புள்ளிகள் நான்கு மடங்கு. ஒரு தோசைக்கு வார்க்கும் மாவை நான்கு மடங்கு அகலமான கல்லில் தேய்த்தால் என்ன ஆகும்? தோசை பெரிதாகத் தெரியும், எடுக்கும்போது கிழிந்துவிடும். 4கே அளவிற்கு யூடியூப் பரிந்துரைப்பது 35 முதல் 45 மெகாபிட். அத்தனை மாவு இல்லாதவர் 1080இல் நிற்பதே சிறப்பு. மிக மெதுவான இணைப்பாயின் 720க்கு இறங்கி 5 மெகாபிட் கொடுத்து அனுப்பினால், பட்டினியாய்க் கிடக்கும் 1080ஐக் காட்டிலும் அது நன்றாகவே இருக்கும்.

எல்லாக் காட்சிக்கும் ஒரே அளவு பிட் தேவைப்படுவதில்லை என்பதையும் நோக்குக. நாற்காலியில் அமர்ந்து வாழ்த்துரை கூறும் பெரியவரை எழுதச் சிறிதே போதும். திருவிழாவின் தேர்ப்பவனியோ? சீரியல் விளக்குகள் மினுங்குகின்றன, மேலிருந்து மலர் சொரிகிறது, வாணவேடிக்கை சிதறுகிறது, பின்னால் ஆயிரம் தலைகள் அசைகின்றன. ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாமே மாறுகின்றது. அவ்விடத்தில்தான் படம் சதுரம் சதுரமாய் உடைகிறது. ஆகவே பிட்ரேட்டை நிலையாக வைக்காமல், தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் வி.பி.ஆர். என்பதைத் தெரிந்தெடுங்கள். '2 பாஸ்' என்று இருந்தால் அதுவே மேல்: கணினி ஒரு முறை படம் முழுவதையும் பார்த்து, எங்கே செலவு மிகுதி என்று கணக்கிட்டு, மறு முறை எழுதும். நேரம் இருமடங்கு ஆகலாம், ஆகட்டும், காத்திருக்கலாம். இருட்டில் எடுத்த படத்தில் துகள் துகளாய் மணல் போல ஓடுமே, அதுவும் பிட்டை விழுங்கும் ஒரு பகை. துகள் ஒவ்வொன்றும் கணினிக்குப் புதிய செய்தி. மண்டபத்தில் இன்னும் இரண்டு விளக்கு ஏற்றுவது, பிறகு எக்ஸ்போர்ட் பெட்டியில் செய்யும் எந்த வித்தையைக் காட்டிலும் பலன் தரும்.

மற்றொன்று. நாம் அனுப்பும் கோப்பைப் பார்ப்பவர் அப்படியே பார்ப்பதில்லை. யூடியூப் அதனை வாங்கி மறுபடியும் சுருக்கி, 144 வரிகளிலிருந்து மேலே பல படிகளாகச் செய்து வைத்துக்கொள்கிறது. பார்ப்பவரின் இணைப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவிற்கு ஏற்ற படியை நொடிக்கு நொடி தெரிந்து தருகிறது. நகலிலிருந்து நகல் எடுப்பது போன்றது இது. முதல் நகல் மங்கலாயின் இரண்டாவது என்னாகும்? அடுத்த வீட்டுக்காரர் பார்க்கும் அளவிற்குத்தான் தெளிவு வேண்டும் என்று கருதி, 8 மெகாபிட் என்பதைக் குறைத்துவிடாதீர்கள். 12 கொடுக்க இயலுமாயின் இன்னும் நல்லது. 8 மெகாபிட்டில் ஒரு மணி நேரப் படம் 3.6 ஜி.பி. ஆகும், விநாடிக்கு 10 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் அதனை ஏற்ற 48 நிமிடம் பிடிக்கும். இரவு உறங்கப் போகுமுன் ஏற்றிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை.

இனி, தடையின்றி ஓடுவது பற்றி. இது ஃபிரேம் ரேட் என்னும் எண்ணைச் சார்ந்தது. நம் நாட்டில் மிகுதியும் பிழை நேர்வது இங்கேதான். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனை ஒட்டி நம் தொலைக்காட்சி விநாடிக்கு 25 ஃபிரேம் என அமைந்தது. அமெரிக்க மின்சாரம் 60 சுழற்சி. அங்கே 30 என்று தொடங்கி, 1953இல் வண்ணம் வந்தபோது 29.97 என்னும் விந்தையான எண்ணாயிற்று. ஸ்டூடியோக்காரரின் காமிரா 25 அல்லது 50இல் எடுக்கும். நம் பிள்ளைகளின் கைப்பேசியோ பெரும்பாலும் 30இல் எடுக்கும். தொகுக்கும் மென்பொருளில் முன்னமே வைத்திருக்கும் அமைப்பும் பல வேளை 30 ஆகவோ 29.97 ஆகவோ இருக்கும். 25இல் எடுத்த படத்தை 30 என்று வெளியே எடுத்தால், ஒவ்வொரு விநாடியிலும் இல்லாத ஐந்து ஃபிரேமைக் கணினி எங்கிருந்து கொணரும்? இருப்பதில் ஐந்தை இருமுறை காட்டும். மணமக்கள் பவனியாய் நடந்து வருகையில் ஐந்தடிக்கு ஒருமுறை நின்று நின்று வருவது போன்ற ஒரு தட்டல் தெரிவது இதனாலேயே. 30இல் எடுத்ததை 25 ஆக்கினால் விநாடிக்கு ஐந்து ஃபிரேம் காணாமற் போகும்; அப்போதும் தட்டும். 50ஐ 25 ஆக்குவதிலோ 60ஐ 30 ஆக்குவதிலோ இத்தொல்லை இல்லை; ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக்கொண்டால் ஒழுங்கு கெடாது. எனவே எந்த எண்ணில் எடுத்தீர்களோ அதே எண்ணில் வெளியே எடுங்கள். இருவகையும் கலந்திருந்தால் எது மிகுதியோ அதனைப் பின்பற்றுங்கள். விழாவிற்கு முன்னரே 'எல்லாரும் 25' அல்லது 'எல்லாரும் 30' என்று பேசி வைத்துக்கொள்வது இன்னும் எளிது.

சென்ற ஆண்டு நம் பங்கில் ஒரு திருமணம் நடந்தது. மணமகளின் அண்ணன் கப்பலில் பணி புரிபவர், விடுப்புக் கிடைக்கவில்லை. அவர்களுடைய பாட்டி, எண்பதைக் கடந்தவர், அன்று யாருடைய கையையும் பற்றாமல் தாமே நடந்து வந்து பேத்திக்குச் சிலுவை அடையாளம் வரைந்து ஆசி கொடுத்தார். மூன்று திங்களில் பாட்டி இறந்துபோனார். அவர் நடந்து வந்த காட்சி அந்த ஒரு வீடியோவில் மட்டுமே உண்டு. பேரன் கப்பலிலிருந்து அதைத் திறந்து பார்த்தால், பாட்டியின் கை உயரும்போதெல்லாம் விரல்கள் சீப்பின் பற்களைப் போலக் கோடு கோடாய்ப் பிளந்து தெரிகின்றன. நடையும் தட்டுத் தட்டாக வருகிறது.

காரணம் இதுவே. படம் எடுத்த காமிரா '50ஐ' என்னும் பழைய முறையில் எடுத்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கென வகுத்த முறை அது. ஒரு முழுப் படத்தின் ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளை ஐம்பதில் ஒரு விநாடி கழித்தும் பதிவு செய்யும். பழைய பெட்டிகள் அவற்றை அப்படியே மாறி மாறிக் காட்டின; கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கணினித் திரையும் கைப்பேசித் திரையும் இரண்டையும் சேர்த்து ஒரே வேளையில் காட்டுகின்றன. இடையே கை நகர்ந்திருந்தால் ஒரு வரியில் கை இங்கும் அடுத்த வரியில் அங்கும் நிற்கும். வெளியே எடுக்கையில் 'டீஇன்டர்லேஸ்' என்பதைச் செய்து, 'புரோகிரஸிவ்' என்று தெரிந்தெடுத்திருந்தால் இது நேர்ந்திராது. ஐம்பது அரைப் படங்களையும் ஐம்பது முழுப் படங்களாக்கி விநாடிக்கு 50 என எடுத்திருந்தால் நடை ஆற்றொழுக்காய் வந்திருக்கும்; அதற்குப் பிட்ரேட் 12 மெகாபிட் என யூடியூப் கூறுகிறது.

பேரனின் நண்பர் ஒருவர், தொழில் தெரிந்தவர், அதனைச் சீர்செய்ய முயன்றார். இயலவில்லை. வரிகள் பிளந்த நிலையிலேயே 1080ஐ 720ஆகச் சுருக்கியிருந்தார்கள். சுருக்கும்போது ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. பாலும் நீரும் கலந்தபின் பிரிப்பது அன்னத்திற்குத்தான் ஆகும். மூலப் பதிவு இருந்தால் ஐந்து நிமிட வேலை என்றார் அவர். ஸ்டூடியோவில் கேட்டபோது, அடுத்த முகூர்த்தத்திற்காகக் கார்டை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. கேட்டு வாங்க வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. தொகுத்த படத்தோடு, எடுத்த மூலக் கோப்புகளையும் ஒரு ஹார்டு டிஸ்கில் தர வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும் அன்றே பேசிக்கொள்ளுங்கள். டிஸ்கின் விலையை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஆல்பத்தின் அட்டைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதிதான் ஆகும்.

கைப்பேசியில் எடுப்போருக்கு இரண்டு செய்தி. குழல் விளக்கு எரியும் அறையில் எடுத்த படத்தில் கரிய பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். 50 சுழற்சி மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. காமிராவின் ஷட்டர் அறுபதில் ஒரு விநாடி திறந்து மூடினால் இரண்டும் ஒத்துப் போவதில்லை. ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என வைத்தால் பட்டை மறையும். இதை எடுக்கும்போதே செய்ய வேண்டும். எக்ஸ்போர்ட்டில் நீக்குவது கடினம். அடுத்தது, கைப்பேசிகள் பல, சொன்ன எண்ணில் நிலையாக நிற்பதில்லை. 30 என்று சொல்லிவிட்டு இருட்டில் 24க்கு இறங்கும், மீண்டும் ஏறும். நீண்ட பதிவாயின், தொகுக்கையில் பாட்டு ஒரு பக்கமும் வாயசைவு ஒரு பக்கமுமாய் விலகிப் போவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளில் ஒரு முறை போட்டு 'கான்ஸ்டன்ட்' என்று நிலைப்படுத்தியபின் தொகுப்பைத் தொடங்குங்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்திற்கு இருபுறமும் கருப்புப் பட்டை சேர்த்து அகலப்படுத்த வேண்டியதில்லை. பார்க்கும் திரைக்கேற்ப யூடியூபே பொருத்திக்கொள்ளும்.

மிகுதி எண்கள் எளியன. கோப்பின் வகை எம்பி4. சுருக்கும் முறை, 2003இல் வகுக்கப்பட்ட எச்.264. அதனினும் புதிய எச்.265 குறைந்த பிட்டில் நல்ல தெளிவு தரும். ஆனால் பழைய கணினி வைத்திருக்கும் சித்தப்பாவிற்கு நேரே கோப்பாக அனுப்புவதாயின் எச்.264தான் திறக்கும் என்று நம்பலாம். ஒலிக்கு ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோபிட். கீ ஃபிரேம் முதலிய நுட்பங்களைத் தானியங்கியாகவே விட்டுவிடலாம்.

எண்ணைக் கூட்டாதே என்று மேலே சொன்னோம். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய வீ.எச்.எஸ். நாடாவிலும் டி.வி.டி.யிலும் உள்ள படங்கள் நம் நாட்டு முறைப்படி 576 வரிகள். யூடியூபின் படிகளில் 480 உண்டு, 720 உண்டு, 576 இல்லை. அப்படியே ஏற்றினால் கீழ்ப்படிக்குப் போய், உள்ள தெளிவும் குறையும். எனவே முதலில் டீஇன்டர்லேஸ் செய்து, பிறகு 1,440க்கு 1,080 என்னும் அளவிற்குப் பெருக்கி ஏற்றுங்கள். புதிய தெளிவு பிறக்காது. இருந்த தெளிவு சேதமின்றிப் போய்ச் சேரும். அகலத்தை 1,920 ஆக இழுத்துவிடாதீர்கள், மெலிந்த மாப்பிள்ளையெல்லாம் பருத்துத் தோன்றுவார்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் கவனத்திற்கு: வீடியோவாக அனுப்பினால் அது மிகவும் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் செல்லும். 2022 முதல் 2 ஜி.பி. வரை இவ்வாறு அனுப்பலாம். 8 மெகாபிட் படமாயின் ஏறக்குறைய அரை மணி நேரம் அதில் அடங்கும்.

முழுப் படத்தையும் வெளியே எடுக்குமுன், ஆட்டமும் அசைவும் மிகுந்த ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, கணினியில் மட்டுமன்றிக் கைப்பேசியிலும் போட்டுப் பாருங்கள். யாராவது நடந்து குறுக்கே செல்லும் இடத்தில் தட்டுகிறதா, கை வீசும் இடத்தில் சீப்புப் பல் தெரிகிறதா, மலர் தூவும் இடத்தில் சதுரம் எழுகிறதா என்று மூன்றையும் பார்த்தால் போதும். யூடியூப் கணக்கைத் தொலைபேசி எண்ணால் உறுதி செய்துகொள்ளாதவர் 15 நிமிடத்திற்கு மேல் ஏற்ற இயலாது. அதனை விழாவிற்கு முன்பே முடித்து வையுங்கள். ஏற்றி முடிந்ததும் உடனே லிங்க் அனுப்பி விடாதீர்கள். முதலில் தாழ்ந்த படிதான் ஆயத்தமாகும், எச்.டி. படி வரச் சிறிது நேரம் செல்லும். அதற்குள் திறந்து பார்த்தவர் மங்கலாக இருக்கிறது என்று மூடிவிடுவார், மறுபடி திறவார். பட்டியலில் காட்டாத 'அன்லிஸ்டெட்' நிலையில் வைத்து, 1080 என்னும் எண் தெரிந்தபின், அக்கரையில் அவர்கள் பணி முடிந்து வீடு சேரும் நேரம் பார்த்து அனுப்புங்கள்.